பெயர் மறுக்கப்பட்ட சம்பளம்: செவிலியரின் தொடக்கக் கூலி குறித்துச் சில குறிப்புகள்

1

படித்து முடித்து வெளியே வருகிற ஒரு நர்ஸ் முதல் மாதம் எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கலாம் என்று யாரிடம் கேட்டாலும், தொகை வருவதற்கு முன்பே ஒரு சொல் வந்துவிடுகிறது: எதார்த்தம். 'எதார்த்தமா எதிர்பாருங்கம்மா', 'ஃபிரெஷ்ஷர்தானே நீங்க', 'முதல்ல கை பழகட்டும், காசு பின்னாடி வரும்.' நர்சிங் கல்லூரியின் கடைசி ஆண்டில் வேலைவாய்ப்பு பற்றிப் பேச வருகிற மருத்துவமனை அதிகாரி இதைச் சொல்கிறார். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கும் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் சொல்கிறார். அவரும் ஒரு காலத்தில் இதைக் கேட்டுக்கொண்டு வந்தவர்தான். பேங்க்கில் கடன் போட்டுப் படிக்க வைத்த அப்பாகூடக் கடைசியில் இதைத்தான் சொல்கிறார்.

இத்தனை வாய்களிலிருந்து ஒரே மாதிரி வருகிற ஒரு சொல்லைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. எதார்த்தம் என்பது இங்கே இருக்கிற நிலைமையை விவரிக்கவில்லை. உன் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள் என்று உத்தரவிடுகிறது. உழைப்புச் சக்தியின் விலையில் வரலாறும் ஒழுக்கமும் கலந்திருக்கின்றன என்பது மார்க்ஸ் சுட்டிக் காட்டிய விசயம். ஒரு தொழிலாளி எவ்வளவில் 'போதும்' என்று சொல்ல வேண்டும் என்பதை வயிறு மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தப் பழக்கங்களில், என்ன மாதிரி எதிர்பார்ப்புகளோடு அந்தத் தொழிலாளி உருவாக்கப்பட்டார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

செவிலியர் விசயத்தில் இந்த உருவாக்கம் எப்படி நடந்தது என்று பார்ப்பதுதான் என் நோக்கம். தொடக்கச் சம்பளம் குறைவு என்பது எல்லோரும் அறிந்ததுதான். அது சம்பளம் என்ற பெயரில் தரப்படுவதே இல்லை என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கைச்செலவு, ஸ்டைபண்டு, பயிற்சிக் காலம், பாண்டு, அனுபவம், தொகுப்பூதியம் எனக் காலத்துக்கொரு பெயர். ஒவ்வொரு பெயரும் 'சம்பளம் இனிமேல்தான்' என்று சொல்கிறது. வேலை மட்டும் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

2

நவீனச் செவிலியப் பயிற்சியின் தொடக்கமாகப் பாடநூல்கள் காட்டுவது, 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய நைட்டிங்கேல் பள்ளியை. விளக்கேந்திய சீமாட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கிற இந்தப் பாடநூல்கள் அந்தப் பள்ளியின் வரவுசெலவைப் பற்றி வாய் திறப்பதில்லை. பயிற்சிக்குச் சேர்ந்த பெண்ணுக்கு வருடத்துக்கு 10 பவுன் தரப்பட்டது. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, துணி வெளுப்பு இலவசம். அந்தப் 10 பவுனுக்குக் கூலி என்று பெயரில்லை, சொந்தச் செலவுக்கான தொகை. அதைத் தந்ததும் மருத்துவமனை அல்ல; கிரிமியப் போருக்குப் பிறகு பொதுமக்களிடம் திரட்டப்பட்ட நைட்டிங்கேல் ஃபண்டு. வார்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும் புண்ணைக் கழுவுவதும் இரவு விழித்திருப்பதும் அந்தப் பெண்கள்தான். ஆனால் அவர்கள் வேலை செய்யவில்லை, கற்றுக்கொள்கிறார்கள் என்று கணக்கு. பயிற்சி முடிந்த பிறகும் சில ஆண்டுகள் ஃபண்டு அனுப்புகிற இடத்தில் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு நாம் 'பாண்டு' என்கிறோமே, அதன் விதை இந்தத் தொழில் பிறந்த நாளிலேயே போடப்பட்டுவிட்டது.

உள்ளுக்குள் ஒரு வர்க்கப் பிரிவினையும் இருந்தது. சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் கைச்செலவுத் தொகை வாங்கிக்கொண்டு பயின்றார்கள். வசதியான குடும்பத்துச் 'சீமாட்டிகள்' தங்கள் சாப்பாட்டுச் செலவைத் தாங்களே கட்டிப் பயின்றார்கள். மேட்ரன்களாகவும் சூப்பரின்டென்டென்ட்களாகவும் ஆனவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். காசு வாங்காமல் இருப்பது உயர்வு, வாங்குவது தாழ்வு என்கிற மதிப்பீடு தொழிலின் படிக்கட்டிலேயே செதுக்கப்பட்டது. இத்தனைக்கும் நைட்டிங்கேல் இதைச் சம்பளமில்லாத துறவாக நினைத்தவர் அல்ல. உழைத்துப் பிழைக்க வேண்டிய பெண்களுக்கு மரியாதையான, கூலியுள்ள தொழிலாக அது இருக்க வேண்டும் என்றே வாதிட்டார். அவருடைய படத்தை மாட்டிவைத்துக்கொண்டு 'சேவை' என்று முழங்குகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பொருளாதாரத்தை மருத்துவமனைகள் சீக்கிரமே புரிந்துகொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வார்டுகளை ஓட்டியவர்கள் பெருமளவில் மாணவிகள். படிப்பு முடித்தவளுக்குச் சம்பளம் தர வேண்டும். படிக்கிறவளுக்குச் சாப்பாடும் படுக்கையும் போதும். ஆகவே படித்து முடித்தவர்கள் வெளியேறி வீடுகளில் தனியார் நோயாளிகளைப் பார்த்துப் பிழைத்தார்கள். உள்ளே புது மாணவிகள் வந்துகொண்டே இருந்தார்கள். பிரிட்டனில் மாணவிகளை வார்டின் ஆள்கணக்கிலிருந்து நீக்கிய சீர்திருத்தம் வருவதற்கு 1980களின் இறுதி ஆனது.

விடுதி, மணியடித்தால் எழுந்திருத்தல், கசங்காத சீருடை, மேட்ரனின் கண் என இந்த ஒழுங்குமுறையை ஃபூக்கோவின் வழியில் உடலைப் பழக்குகிற தொழில்நுட்பமாகப் படிக்கலாம், படித்தும் இருக்கிறார்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். பழக்கப்பட்டது உடல் மட்டுமல்ல, பசியின் அளவும்தான். விடுதியில் தங்குகிற, கல்யாணமாகாத, பொறுப்பு எதுவுமில்லாத ஒற்றை உடல் என்கிற கற்பனையை வைத்தே தொடக்கக் கூலி கணக்கிடப்பட்டது. இந்தியாவின் ராணுவச் செவிலியர் பணியில் கல்யாணம் செய்துகொண்டால் வேலையிலிருந்து விடுவிக்கலாம் என்ற விதி 1995 வரை இருந்தது. அந்த விதியால் 1988இல் வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024இல்தான்.

3

இந்த ஏற்பாடு கப்பலேறி வந்து இறங்கிய இடங்களில் சென்னையும் ஒன்று. 1866 முதல் 1872 வரை இங்கே கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, கிரிமியப் போர் நாட்களிலிருந்தே நைட்டிங்கேலுக்கு அறிமுகமானவர். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சி தொடங்கியதை நம் நர்சிங் பாடநூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. மிஷன் மருத்துவமனைகள் பின்னால் வந்தன. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1909இல் நர்சிங் பயிற்சியைத் தொடங்கியது. 1946இல் அங்கேயே பட்டப் படிப்பும் வந்தது.

ஆனால் வந்து இறங்கிய இடம் வெற்றிடமாக இருக்கவில்லை. பிரசவம் பார்க்கிற வேலை இங்கே ஏற்கனவே சாதிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நாவிதர் சாதிப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். தாய் பிழைக்க வேண்டும், பிள்ளை பிழைக்க வேண்டும், ஆனால் ரத்தத்தைத் தொட்டவள் தீட்டு. அவளுக்குக் கிடைத்தது நெல், ஒரு பழைய புடவை, வெத்தலை பாக்கு, தலைக்கு எண்ணெய். ஆம்பளைப் பிள்ளை என்றால் கொஞ்சம் கூட. கூலி என்று பேசி வாங்கியதல்ல. கொடுப்பவர் மனசு போல. தொடும் வேலை எல்லாம் தாழ்ந்த வேலை, தாழ்ந்த வேலைக்கு விலை கிடையாது, 'வழக்கம்' மட்டும்தான் உண்டு என்கிற இந்த ஏற்பாடும், சேவைக்கு விலை இல்லை என்கிற மிஷன் ஏற்பாடும் மருத்துவமனை வார்டில் கைகோத்துக்கொண்டன. ஒன்று தீட்டின் பெயரால் கூலியை மறுத்தது, மற்றது புனிதத்தின் பெயரால். மறுக்கப்பட்டது என்னவோ ஒன்றேதான்.

சாதி இந்துக் குடும்பங்கள் பெண்ணை நர்சாக அனுப்ப நீண்ட காலம் மறுத்தன. யூரேசியப் பெண்களும், மதம் மாறிய கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும், இளம் விதவைகளும், மிஷன் அனாதை இல்லங்களில் வளர்ந்தவர்களும்தான் வந்தார்கள். போவதற்கு வேறு இடம் இல்லாதவர்கள் பேரம் பேச முடியாது. அம்பேத்கர் சாதியை உழைப்பாளிகளைப் பிரிக்கிற ஏற்பாடாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் செவிலியர் வரலாற்றைத் தமிழில் இன்னும் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

பெயர்களையும் கொஞ்சம் கவனிக்கலாம். வார்டில் நாம் நர்சைக் கூப்பிடுவது 'சிஸ்டர்' என்று. கன்னியர் மடத்திலிருந்து வந்த சொல், இங்கே வந்ததும் உறவுமுறையாகவும் ஆகிவிட்டது. கூடப் பிறந்தவளிடம் யாராவது சம்பளம் பேசுவார்களா? ஈழத்தில் 'தாதி' என்கிறார்கள்; அந்தச் சொல்லுக்கு வளர்ப்புத்தாய் என்றும் பணிப்பெண் என்றும் இரண்டு பொருளும் உண்டு. நாம் தனித்தமிழ் வேண்டுமென்று எடுத்துக்கொண்ட 'செவிலி' அகப்பாடல்களின் செவிலித்தாய். தலைவியை வளர்த்தவள், அவள் ஓடிப்போனால் தேடி அலைகிறவள். அவளுக்கு இலக்கியத்தில் துயரம் உண்டு, கூலி கிடையாது. டாக்டரை நாம் அண்ணன் என்றோ தாய்மாமன் என்றோ கூப்பிடுவதில்லை. உறவுப் பெயரும் தாய்ப் பெயரும் யாருக்குச் சூட்டப்படுகின்றன என்று பார்த்தால், யாருடைய உழைப்பு இலவசமாக எதிர்பார்க்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். 1970களில் அய்ரோப்பாவில் 'வீட்டு வேலைக்குக் கூலி' கேட்டுப் போராடிய பெண்ணியவாதிகள் சொன்னதும் இதுதான்: அன்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கூலி தரப்படாத உழைப்பு.

1926இல் சென்னை மாகாண செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. யார் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதை அது வரையறுத்தது. அந்த நர்சுக்கு என்ன தர வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. 1947இன் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமும் படிப்பின் தரத்தைத்தான் பார்த்துக்கொண்டது. தகுதியைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் உண்டு, கூலியைப் பாதுகாக்க அதில் இடமில்லை. இந்தப் பிளவு பின்னால் பெரிய விலை கேட்டது.

4

1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் இருந்ததாகச் சொன்னது. நாடு முழுக்க 7,000 பேர் அளவுக்குத்தான். சந்தை விதிப்படி பார்த்தால் இவ்வளவு கடும் பற்றாக்குறையில் சம்பளம் எகிறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. குறைந்த சம்பளம், நீண்ட வேலை நேரம், மோசமான தங்குமிடம் என்றுதான் அந்த அறிக்கையும் வருத்தப்பட்டது. பின்னாளில் தனியார் கல்லூரிகள் பெருகி நர்ஸ்கள் நிறையப் பேர் வந்தபோது 'ஆள் நிறைய இருக்கு, அதான் சம்பளம் கம்மி' என்றார்கள். பற்றாக்குறையில் ஏறாத சம்பளத்துக்கு மிகுதியைக் காரணம் காட்டுவது என்ன பொருளாதாரம் என்று எனக்கு விளங்கவில்லை.

1954இல் செவிலியரின் பணி நிலைமையையும் ஊதியத்தையும் ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் அன்றைய சென்னை சுகாதார அமைச்சர் ஏ.பி. ஷெட்டி. 1987இல் இன்னொரு உயர்மட்டக் குழு. தலைவர் சரோஜினி வரதப்பன், அறிக்கை வந்தது 1989இல். ஒரே துறையில் ஒரே குறையை ஆராய முப்பது வருட இடைவெளியில் இரண்டு குழு. இரண்டுக்கும் தமிழகத்துத் தலைமை.

இருந்தாலும் இந்தக் காலகட்டத்தில் ஒரு உண்மையான வெற்றி கிடைத்தது: அரசுப் பணியில் காலமுறை ஊதியம். அதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மத்திய அரசின் அய்ந்தாவது ஊதியக் குழு 1996 ஜனவரி முதல் ஸ்டாஃப் நர்சுக்குத் தந்த விகிதம் 5000-150-8000. இந்த மூன்று எண்களையும் ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். முதல் எண், நீ உள்ளே வரும்போது என்ன. இரண்டாவது, ஒவ்வொரு வருடமும் என்ன கூடும். மூன்றாவது, எதுவரை போகும். கூடவே விலைவாசி ஏறினால் அகவிலைப்படி. ஒரு பெண்ணின் உழைப்புக்கு எதிர்காலம் உண்டு என்று அச்சிட்டு ஒப்புக்கொண்ட காகிதம் இது. முக்கியமாக, அது பகிரங்கமானது. பேரம் கிடையாது, 'மனசு போல' கிடையாது. நாவிதர் வீட்டு மருத்துவச்சிக்கும் மிஷன் மாணவிக்கும் கிடைக்காதது இது. நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு நர்ஸ் அக்காவின் இந்த மூன்று எண்களை நம்பித்தான் கரையேறின. ஏழாவது ஊதியக் குழுவில், 2016 ஜனவரி முதல், அதே பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய் ஆனது. அதே ஆண்டில் பதவியின் பெயரும் 'நர்சிங் ஆபீசர்' என்று மாற்றப்பட்டது.

5

காலமுறை ஊதியத்தை நேரடியாக ஒழிப்பது கடினம், சங்கம் இருக்கிறது. ஆகவே அதன் வாசலை அடைத்தார்கள். உள்ளே இருப்பவர்களை விட்டுவிட்டுப் புதிதாக வருகிறவர்களைத் திண்ணையில் உட்கார வைப்பது. திண்ணையின் பெயர் தொகுப்பூதியம். இச்சொல்லின் தமிழ் அழகாகத்தான் இருக்கிறது. எதையோ தொகுத்துத் தருவதுபோல. உண்மையில் படிகள், ஆண்டு உயர்வு, பணிப் பாதுகாப்பு என எல்லாம் கழிக்கப்பட்டு எஞ்சுவதற்குப் பெயர் அது.

தமிழ்நாட்டில் இந்தச் சூழல் தயாரான காலம் 2003. அந்த ஆண்டு ஏப்ரலில் புதிய பணியாளர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களும் ஆசிரியர்களும் லட்சக்கணக்கில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்டில், டி.கே. ரங்கராஜன் வழக்கில், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட ஆசிரியர்கள் ஆட்சி மாறியதும் 2006 ஜூனில் காலமுறைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் ஏற்பாடு என்கிற வகையில் தொகுப்பூதியம் எங்கேயும் போகவில்லை.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 செவிலியர் இடங்களுக்கு எழுத்துத் தேர்வு நடத்தியது. தேர்ச்சி பெற்று வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடம் கழித்துக் காலமுறை ஊதியம் என்பது வாக்கு. 7,700ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 257 ரூபாய்கூட முழுதாக வராது. இரண்டு வருடம் முடிந்தது. காலியிடம் இருந்த அளவுக்குச் சிலரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2017 நவம்பர் 27ஆம் தேதி சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். மூன்று நாள். நீதிமன்றம் பணிக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினார்கள். 2018இல் தொகை 14,000 ஆனது. தொகை ஏறியது, பெயர் மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு தீர்ப்பை நினைவுபடுத்த வேண்டும். 2016 அக்டோபரில், பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளர் செய்கிற அதே வேலையைச் செய்கிற தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதாவது தொகுப்பூதிய நர்ஸ் கேட்டது சலுகை அல்ல. அதே வார்டு, அதே ஊசி, அதே நைட் டியூட்டி. ஆனால் பக்கத்து மேசை நர்சின் சம்பளத்தில் ஒரு துண்டு.

2020 வந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைச் செவிலியர் ஆண்டாக ஏற்கனவே அறிவித்திருந்தது. மார்ச் 22 மாலை நாடு கை தட்டியது. மே 3 அன்று விமானப்படை மருத்துவமனைகள் மேல் பூ தூவியது. அதே மாதங்களில் தமிழ்நாட்டில் ஆறு மாத ஒப்பந்தத்தில் 14,000 ரூபாய்க்கு நர்ஸ்கள் எடுக்கப்பட்டார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 2022 டிசம்பர் 31 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி முடிக்கப்பட்டது. போராடியபோது மாவட்ட அளவில் 18,000 ரூபாய்க்கு மாற்றுப் பணி என்றார்கள். அதுவும் தொகுப்பூதியமே. ஆட்சி எதுவானாலும் திண்ணை அப்படியே இருந்தது என்பதை இரண்டு கட்சித் தோழர்களும் யோசிக்கலாம்.

6

தனியார் மருத்துவமனைக்கு வருவோம். தென்மாவட்ட நகரம் ஒன்றில் ஒரு மருத்துவமனை புது நர்சுக்குக் கொடுத்த நியமனக் கடிதத்தை நான் படித்திருக்கிறேன். இரண்டே பக்கம். அதில் 'சம்பளம்' என்ற சொல் எங்கேயும் இல்லை. 'பயிற்சி செவிலியர்' என்று பதவி, 'உதவித்தொகை' என்று தொகை. அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குள் விலகினால் 'பயிற்சிச் செலவை' அந்தப் பெண் திருப்பிக் கட்ட வேண்டும். நான்கு வருடம் படித்து, கவுன்சிலில் பதிவும் செய்த ஒருத்திக்கு இன்னும் என்ன பயிற்சி? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். 'ஐ.சி.யூ.வுல தனியா நைட் பாக்குறேண்ணே. டியூட்டிக்கு நான் ஸ்டாஃப், சம்பளத்துக்கு நான் ட்ரெய்னி' என்றார். இதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை. 1860இன் ஒப்பந்தம்தான், இலவசச் சாப்பாட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

சான்றிதழைப் பிடித்துவைப்பது வெறும் நிர்வாகப் பழக்கம் அல்ல. அந்தக் காகிதம் இல்லாமல் வேறு வேலைக்கும் போக முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. கொத்தடிமைக்கு முன்பணம் எதுவோ, நர்சுக்கு அது சான்றிதழ். 2011இல் மும்பையில் வேலை பார்த்த ஒரு மலையாளி நர்ஸ் தற்கொலை செய்துகொண்டபோதுதான் இது நாடு முழுக்கப் பேச்சானது. அதே ஆண்டு கேரளத்தில் யுனைடெட் நர்சஸ் அசோசியேசன் உருவாகி, மருத்துவமனை மருத்துவமனையாக வேலைநிறுத்தங்கள் பரவின. 2012 தொடக்கத்தில் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் நர்ஸ்கள் வெளியே வந்து நின்றார்கள். கோரிக்கைகள் சம்பளமும் பாண்டும்தான். அந்த நாட்களில் நம் சிறுபத்திரிகைகளில் அதைப் பற்றி எத்தனை பக்கம் வந்தது என்பதை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

ஏன் அவ்வளவு குறைந்த சம்பளத்துக்கும் போகிறார்கள்? 'அனுபவச் சான்றிதழ்' வேண்டும். வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போக அதுதான் நுழைவுச்சீட்டு. கேரளத்தில் அறுபதுகளில் ஜெர்மனிக்கும், எண்ணெய்ப் பணம் வந்த எழுபதுகளில் வளைகுடாவுக்கும் தொடங்கிய பயணம் இங்கேயும் பழக்கமாகிவிட்டது. ஆகவே இங்குள்ள முதலாளி இரண்டு வருட உழைப்பை மலிவாக வாங்கிக்கொண்டு, அதற்கு விலையாக வேறொரு நாட்டின் சம்பளக் கனவைத் தருகிறார். தன் பையிலிருந்து அல்ல. 2014 ஜூனில் இராக்கின் திக்ரித்தில் போருக்கு நடுவே சிக்கிய 46 இந்திய நர்ஸ்களில் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள் என்று செய்திகள் வந்தன. படிப்புக் கடனும் ஏஜென்டுக்குக் கட்டிய கடனும் வீட்டில் காத்திருந்தன. குண்டையும் கடனையும் எடை போட்டுப் பார்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு. 'எதார்த்தமான எதிர்பார்ப்பு' எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது போதும்.

2016 ஜனவரி 29 அன்று, இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலைமையை ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அந்தந்த மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் 2017இல் நர்ஸ்கள் மறுபடி போராடி, 2018 ஏப்ரலில் 20,000ஐக் குறைந்தபட்சக் கூலியாக அரசாணையில் ஏற்ற வைத்தார்கள். பரிந்துரை தானாகச் சட்டமாகாது; தெருவில் நின்ற இடத்தில்தான் ஆனது.

இங்கே ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். 'மாநில அரசு நர்சுக்குச் சமமாக' என்று குழு சொன்ன அதே 2016இல் தமிழ்நாட்டு அரசின் புது நர்ஸ் வாங்கியது 7,700. நாற்பது படுக்கை நர்சிங் ஹோம் தர வேண்டும் என்று சொல்லப்பட்டதில் பாதிகூட இல்லை. 'கவர்மெண்டே அவ்வளவுதான் குடுக்குது, நாங்க எங்க போறது' என்று எந்தத் தனியார் நிர்வாகமும் சொல்ல வழி திறந்துவிட்டாகிவிட்டது. தொகுப்பூதியம் அரசுக்குக் காசு மிச்சப்படுத்திய கதை மட்டுமல்ல. தனியாரைக் கட்டுப்படுத்தக் கையில் இருந்த ஒரே அளவுகோலையும் அது ஒடித்துப்போட்டது. அரசு மருத்துவமனைச் செவிலியர் போராட்டத்தையும் தனியார் மருத்துவமனைச் செவிலியர் போராட்டத்தையும் நாம் தனித்தனியாகப் பார்த்து வருவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

7

சரி, படித்து முடித்த பெண் என்ன எதிர்பார்க்கலாம்? தொகையைத் தனியாளாக அவள் தீர்மானிக்க முடியாது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விசயங்களைக் கேட்க முடியும். கடிதத்தில் 'சம்பளம்' என்று எழுதியிருக்கிறதா, வேறு பெயரா? பயிற்சிக் காலம் என்றால் எந்தத் தேதியில் முடிகிறது, முடிந்த மறுநாள் என்ன தொகை? சான்றிதழின் நகல் போதாதா? இரவுப் பணிக்கும் கூடுதல் நேரத்துக்கும் கணக்கு உண்டா, பி.எஃப். பிடித்தமும் நிர்வாகத்தின் பங்கும் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா? ஒருத்தி கேட்டால் 'திமிர் பிடிச்சவ' என்பார்கள். ஒரு பேட்ச்சில் நாற்பது பேரும் கேட்டால் வேறு பேச்சுப் பேசித்தான் ஆக வேண்டும். எனவே இது தனிநபர் துணிச்சல் பற்றிய விசயம் அல்ல. செவிலிய மாணவர்களிடையே படிக்கும்போதே சங்கம் வேண்டும். வேலைக்குப் போன பிறகு தேடுவது தாமதம்.

கோரிக்கையாக வைக்க வேண்டியவை புதிதும் அல்ல, தீவிரமானவையும் அல்ல. 2016இன் இரண்டு ஆவணங்களே போதும்: சம வேலைக்கு ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சம் என்கிற தீர்ப்பு, 20,000க்குக் கீழே கூடாது என்கிற பரிந்துரை. பத்து வருடப் பழைய அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கேட்பதுகூட நியாயமான அடுத்த படிதான்.

அடுத்த முறை யாராவது வகுப்பறையில் நின்று 'எதார்த்தமா எதிர்பாருங்க' என்று சொல்லும்போது, கரும்பலகையில் மூன்று எண்களை எழுதச் சொல்லலாம்: 44,900, 20,000, 7,700. மூன்றும் 2016ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. முதலாவது மத்திய அரசு தந்தது, இரண்டாவது மிகச் சிறிய தனியார் மருத்துவமனைகூடத் தர வேண்டும் என்று குழு சொன்னது, மூன்றாவது தமிழ்நாடு அரசு தந்தது. படிப்பு ஒன்று, பதிவு ஒன்று, வேலை ஒன்று. இதில் எது எதார்த்தம், அதை யார் தீர்மானித்தார்கள் என்று அந்த வகுப்பு பேசத் தொடங்கட்டும்.